வெண்மைக்கு முந்தைய சிவப்பு

மாசி, பங்குனி மாதங்களில் மயிலாப்பூர் மாட வீதிகளில் மாவடு வந்து இறங்கும். பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மிளகாய், கடுகு சேர்த்து ஜாடியில் இட்டுக் குலுக்கி வைப்பது நம் வீடுகளில் இன்றும் முற்றிலும் மறைந்துவிடாத வழக்கம். ஏன் இவ்வளவு உப்பு என்று கேட்டால், "உப்புக் குறைந்தால் கெட்டுப் போகும்" என்பார்கள் பெரியவர்கள். சரியான விடைதான். செறிந்த உப்பு நுண்ணுயிர்களின் உடலிலிருந்து நீரை உறிஞ்சிவிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை அங்கே பிழைப்பதில்லை. உப்பு என்றால் அழுகலின் பகை, அதாவது நுண்ணுயிர்களின் பகை என்று நாம் மனத்தில் பதித்துக்கொண்டோம்.

அதே மயிலாப்பூரின் கிழக்கு ஓரத்துக்குப் போவோம். நொச்சிக்குப்பம் போன்ற கரையோரக் குப்பங்களில் கருவாடு போடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி தெரியும். நன்றாக உப்பிட்ட மீனிலும், காற்றில் ஈரம் மிகும் நாட்களில், செந்நிறப் படலம் ஒன்று படர்வதுண்டு. சிவந்த கருவாடு விலை போகாது. உப்புப் போதாமையால் வந்த கேடன்று இது. உப்பு நிறைந்திருப்பதால் வந்தது. உப்போடு வந்து, உப்பில் வாழ்ந்து, உப்பு இல்லையேல் மடியும் உயிர்களின் நிறம் அது. அறிவியலார் இவற்றை 'ஹாலோஃபைல்' என்பர். கிரேக்க மொழியில் 'ஹால்ஸ்' என்றால் உப்பு. தமிழில் உவர்விரும்பிகள் எனலாம். உவர்மண், உவர்நீர், கடலைக் குறிக்கும் உவரி என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொற்குடும்பம் இருக்கிறது.

சென்னைக்கு உப்பு வந்த வழியைச் சற்றே நினைவுகூர வேண்டும். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது 1805இல். நகருக்குத் தெற்கே கோவளம், கேளம்பாக்கம் தொடங்கி மரக்காணம் வரை உப்பளங்கள். அவற்றையும் நகரையும் இணைத்த நீர்வழியே பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி 1877-78இல், தாது வருடப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்தவர்கள் தோண்டிய அந்த வாய்க்காலில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்றன. சென்ட்ரலுக்கு அருகில் 'சால்ட் கோட்டர்ஸ்' என்ற பெயர் மட்டும் பழைய உப்புக் கிடங்குகளின் நினைவாக நிற்கிறது. மயிலாப்பூரில் அந்தக் கால்வாயின் மீதுதான் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

உப்பளத்தில் நடப்பது என்ன? கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு. அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்ற விடுகிறார்கள். முதலில் ஜிப்சம் படிகிறது. நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும் நிலையில் சமையல் உப்பு படிகமாகத் தொடங்குகிறது. அப்போதுதான் பாத்திகள் இளஞ்சிவப்பாகவும் செம்மண் கரைத்தது போலவும் நிறம் மாறுகின்றன. நிறத்தைத் தருபவை டுனாலியெல்லா என்ற பாசியும், ஹாலோபாக்டீரியம் முதலான நுண்ணுயிர்களும். இந்தச் சிவப்பு வெயிலின் வெப்பத்தைக் கூடுதலாக வாங்கிக்கொள்வதால் நீர் விரைந்து வற்றுகிறது. நீரில் மிதக்கும் கரிமக் கழிவுகளையும் இவ்வுயிர்கள் தின்று தீர்க்கின்றன. உப்பு விளைவதில் அவற்றுக்கும் பங்குண்டு. கூலி கேளாத பங்காளிகள்!

இந்தச் சிவப்பின் காரணத்தைத் தேடிய கதை நீண்டது. 1833இல் படகோனியாவின் உப்பேரிகளைக் கண்ட டார்வின், அத்தகைய கரிப்பு நீரிலும் புழுக்களும் அவற்றை நாடி வரும் பூநாரைகளும் இருப்பதைக் கண்டு வியந்து எழுதினார். பிரான்சிலோ, உப்பளச் சிவப்புக்குக் காரணம் ஆர்ட்டீமியா என்னும் சிறு இறால் என்று சிலர் வாதிட்டனர். 1838இல் மிஷேல் ஃபெலிக்ஸ் டுனால், காரணம் நுண்பாசியே என்றார். 1905இல் அப்பாசிக்கு டுனாலியெல்லா என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. சிவந்துபோன உப்புமீனை ஆராய்ந்த ஜெர்மானியத் தாவரவியலார் கிளேபான், 1919இல் அதன் நுண்ணுயிரை விவரித்தார். நொச்சிக்குப்பத்துக் கருவாட்டின் தொல்லையும் வடகடல் மீனவர்களின் தொல்லையும் ஒன்றுதான். சாக்கடல் என்று பெயர் பெற்ற கடலும் சாகவில்லை என்பதை பெஞ்சமின் எலாசரி வோல்கானி 1936இல் உலகுக்கு அறிவித்தார்.

அதன்பின் வந்தவை இன்னும் வியப்பானவை. 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஊஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கேனியஸ் என்னும் இருவர், ஹாலோபாக்டீரியத்தின் ஊதாநிறச் சவ்வில் ரெட்டினால் என்ற நிறப்பொருளைக் கண்டனர். நம் கண்ணுக்குப் பார்வை தரும் அதே பொருள்! ஒளியைக் கொண்டு ஆற்றல் பெற அவ்வுயிர் அதைப் பயன்படுத்துகிறது. ஒளியால் நரம்பணுக்களை இயக்கும் இன்றைய ஆய்வுமுறைக்கு வேர் அங்கே இருக்கிறது. அதற்காக ஊஸ்டர்ஹெல்ட் 2021இல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும், பாக்டீரியாவிலிருந்து வேறான ஓர் உயிர்க்குலம் உண்டென்றனர். பின்னர் ஆர்க்கியா என்றழைக்கப்பட்ட அக்குலத்தில் ஹாலோபாக்டீரியமும் சேர்ந்தது. பெயரில் பாக்டீரியா, பிறப்பில் வேறு. 1993இல் ஸ்பெயினின் சாந்தா போலா உப்பளத்து நுண்ணுயிர் ஒன்றின் மரபணுத் தொடரில், மீண்டும் மீண்டும் வரும் துண்டுகளை ஃபிரான்சிஸ்கோ மொஹிக்கா கவனித்தார். பின்னாளில் கிரிஸ்பர் என்று உலகம் அறிந்த செய்தியின் தொடக்கப் பக்கங்களுள் ஒன்று அது.

நம் வரலாற்றிலும் உப்புக்கு ஓர் ஆண்டு உண்டு: 1930. ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்த அதே ஏப்ரலில், த. பிரகாசமும் காசிநாதுனி நாகேசுவர ராவும் சென்னையருகே உதயவனத்தில் உப்புச் சத்தியாக்கிரக முகாம் அமைத்தனர். மயிலாப்பூர் லஸ்ஸில் நாம் மாலை நடை போகும் நாகேசுவர ராவ் பூங்கா அவர் பெயரால் ஆனதே. வெயிலில் விளைந்த உப்புப் படிகங்களுக்குள் சிறைப்பட்ட நீர்த்துளிகளில் உவர்விரும்பிகள் உயிரோடு தங்குவதுண்டு என்று இன்று அறிகிறோம். அன்று வேதாரண்யத்தில் தொண்டர்கள் கைப்பிடிக்குள் இறுக்கிய உப்பிலும் அவை இருந்திருக்கக்கூடும்.

இதையெல்லாம் இலக்கியப் பக்கத்தில் எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். வகுப்பில் நெய்தல் திணையை நடத்தும்போதெல்லாம் நமக்குள் ஒரு குறை உறுத்துகிறது. அம்மூவனாரின் அகநானூற்று 140ஆம் பாடலில் உமணர் மகள் நெல்லுக்கு ஈடாக உப்பைக் கூவி விற்கிறாள். அவள் உப்பின் வெண்மை அங்கே பேசப்படுகிறது. அதற்கு முந்தைய சிவப்பு பேசப்படவில்லை. வெண்மை சந்தைக்கு வந்தது, சிவப்பு அளத்திலேயே தங்கிவிட்டது. நீரின் நிறத்தைப் பார்த்தே பாத்தியின் பக்குவத்தைச் சொல்லும் அறிவு, வெடித்த பாதங்களோடு உப்பு வாரியவர்களிடம் தலைமுறைகளாக இருந்து வந்தது. டுனாலின் பெயர் பாசிக்கு நின்றது. அவருக்கு முன்பே அச்சிவப்பை நாள்தோறும் பார்த்தவர்களின் பெயர் எதற்கும் நிற்கவில்லை.

மயிலாப்பூரிலிருந்து கேளம்பாக்கம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். உமணர் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதி மதிப்பெண் பெறும் நம் மாணவர்களில் எத்தனை பேர் ஓர் உப்பளத்தைக் கண்டிருப்பார்கள்? கோவளத்தை ஒட்டிய உவர்நிலப் பகுதியில் புதிய நன்னீர்த் தேக்கம் அமைக்கும் திட்டத்தை அரசு 2025இல் அறிவித்தது. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற நகரவாசிகள் நாம். குடிநீர் வேண்டாம் என்று சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் அதன் விலை என்ன என்று கேட்கும் கடமை உண்டு. ஹாலோபாக்டீரியம் தன் உடலுக்குள்ளும் உப்பை நிறைத்துக்கொண்டு வாழ்வது. நன்னீரில் விழுந்தால் அதன் உடல் உடைந்து சிதறிவிடும். நமக்கு அமுதம், அதற்கு நஞ்சு.

அந்நிலம் என்ன ஆகும் என்பதைக் காலம் சொல்லும். அதற்குள் ஒருமுறை, கோடையின் உச்சத்தில், மாணவர்களை அழைத்துக்கொண்டு அளத்தின் வரப்பில் போய் நிற்க வேண்டும். நெய்தல் பாடத்தை அங்கே தொடங்கலாம். முதல் சொல்லாக எதைச் சொல்வது என்பதை அங்கே உப்பு வாருகிறவரிடமே விட்டுவிடலாம்.