கிண்டியில் திறந்த கதவு

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். யாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தோம். வரலாற்றுப் புலமை எமக்கு இல்லை. எனினும் இவ்வாண்டு எம் இல்லத்தில் எழுந்த ஒரு வினா, வரலாறு ஒன்றைத் தேடிப் படிக்கச் செய்தது. அதனையே அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

எம் மகளுக்குத் திருப்பதியில் பொறியியல் முதலாண்டில் இடம் கிடைத்தது. அவள் விரும்பியது மின் பொறியியல். "பெண் பிள்ளைக்கு மின்சாரமும் இயந்திரமும் எதற்கு? விடுதியில் வேறு தங்க வேண்டுமாமே!" என்றார் எம் அன்னையார். யாம் வாய் திறக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் எம் தமக்கையார் மேலே படிக்க விரும்பியபோதும் இதே வினா இதே கூடத்தில் எழுந்தது. கணக்கில் அவர் எம்மினும் வல்லவர். எமது வீட்டுக் கணக்குகளை எல்லாம் போட்டுக் கொடுத்தவர் அவரே. அன்றும் யாம் வாய் திறக்கவில்லை. அவர் படிப்பு அத்துடன் நின்றது.

இவ்வினாவிற்கு நம் நாட்டில் முதன்முதல் விடை கண்டவர் யார் என்று தேடினோம். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வரலாற்றில் அவ்விடை கிடைத்தது.

1794ஆம் ஆண்டு, நிலம் அளப்போரைப் பயிற்றுவதற்காகச் சென்னையில் ஒரு பள்ளி தோன்றியது. அப்பள்ளியே வளர்ந்து பொறியியல் கல்லூரியாகி, 1920ஆம் ஆண்டில் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆதலின் நம் சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் பொறியியல் பயிலக் கிண்டியையே நோக்கியிருந்தனர். பிள்ளைகள் என்றோம், ஆண் பிள்ளைகள் என்பதே சரி. பள்ளி தோன்றி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பெண் ஒருத்தியும் அவ்வாயிலில் மாணவியாக நுழைந்ததில்லை.

1919ஆம் ஆண்டு சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர் லலிதா. பதினைந்தாம் வயதில் மணமுடித்தனர். 1937ஆம் ஆண்டில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு திங்கள் நிரம்பிய வேளையில் கணவர் காலமானார். பதினெட்டு வயதில் கைம்பெண், கையில் குழந்தை. அக்காலச் சமுதாயம் அத்தகையோருக்கு ஒதுக்கிய இடம் யாது என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்விடத்தில் அவர் அமரவில்லை. இராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் தேறினார். பின்னர்ப் பொறியியல் பயில விரும்பினார்.

அவர் தந்தையார் பப்பு சுப்பாராவ், கிண்டிக் கல்லூரியிலேயே மின் பொறியியல் பேராசிரியர். அவர் தம் மகளுக்காகக் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார். கல்வித் துறை இயக்குநரின் இசைவும் கிடைத்தது. 1940ஆம் ஆண்டில் லலிதா மின் பொறியியல் முதலாண்டில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண் மாணவர் நடுவே ஒரே ஒரு பெண்! குழந்தையை உறவினர் வளர்க்க, இவர் விடுதியில் தங்கிப் பயின்றார். மகள் தனித்திருத்தல் கண்ட தந்தையார், கல்லூரியில் பெண்களுக்கும் இடமுண்டு என்று செய்தித்தாளில் விளம்பரம் செய்வித்தார். அதன் பயனாக லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியலில் வந்து சேர்ந்தனர்.

1943ஆம் ஆண்டில் மூவரும் பட்டப் படிப்பை முடித்தனர். சான்றிதழில் 'அவன்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருந்தது. அதனை அடித்து, 'அவள்' என்று கையால் திருத்திக் கொடுத்தனராம். இவருள் திரேசியா அம்மையார் 1971ஆம் ஆண்டில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

லலிதா செய்முறைப் பயிற்சி பெற்ற இடம் யாது என்பதை அறிந்தபோது யாம் பெருமகிழ்வு எய்தினோம். அது பீகாரில் 1862ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஜமால்பூர் இரயில்வே பணிமனை! பின்னர் அவர் கல்கத்தாவில் மின் நிறுவனம் ஒன்றில் பணியாற்றி, பக்ரா நங்கல் அணையின் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பித் தடங்களை வடிவமைப்பதில் பங்கு கொண்டார். 1964ஆம் ஆண்டு நியூயார்க்கில் கூடிய முதல் உலகப் பெண் பொறியாளர், அறிவியலார் மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1979ஆம் ஆண்டில் மறைந்தார். மறுமணம் செய்துகொள்ளாமல் தம் மகளை ஆளாக்கியவர் அவர்.

இதற்கிடையே நம் பக்கத்திலும் கல்வி தழைத்தது. திருப்பதியில் 1954ஆம் ஆண்டு திருவேங்கடவன் பெயரால் பல்கலைக்கழகமும், 1959ஆம் ஆண்டில் அதன் பொறியியல் கல்லூரியும் தோன்றின. 2015ஆம் ஆண்டில் ஐ.ஐ.டி.யும் வந்தது. சித்தூர்ப் பிள்ளைகள் கிண்டியை மட்டுமே நம்பியிருந்த காலம் போயிற்று.

இவ்வரலாற்றை ஓர் இரவு அன்னையாருக்குப் படித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அந்தக் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று மட்டும் கேட்டார். உறவினர் என்றோம். "உறவு என்றால் அதற்குத்தானே" என்று சொல்லி எழுந்து சென்றார். அதுவே இசைவு.

கல்லூரி திறக்குமுன் குடும்பத்தோடு காணிப்பாக்கம் சென்றோம். காணி, பாக்கம் என்னும் இரு சொற்களும் தமிழருக்குப் புதியன அல்ல. முதற் குலோத்துங்கன் எடுப்பித்த கோயில் என்பது மரபு. அருகே ஓடும் பாகுதா நதி, வெட்டுண்ட கைகளை இலிகித முனிவர்க்கு மீட்டளித்ததாகப் புராணம் பேசும். வரசித்தி விநாயகர் முன் பொய்ச் சத்தியம் செய்ய எவரும் அஞ்சுவர் என்பது நாமறிந்ததே. முதலாண்டு மாணவர் வரைபட வகுப்பிற்கு வாங்க வேண்டிய மினி டிராஃப்டர் என்னும் கருவியைத் தமக்கையார் தம் பணத்தில் வாங்கி வந்து, அர்ச்சனைத் தட்டில் வைத்தார். இப்படிப்பை எக்காரணம் கொண்டும் இடையில் நிறுத்தோம் என்று அவர் எதிரில் யாம் வாக்களித்தோம். முப்பது ஆண்டுகள் கழித்தேனும் வாய் திறந்தோம்.

அன்பர்களே! தமிழ் மண்ணில் அக்கதவைத் திறந்தவர் ஒரு தெலுங்குப் பெண்மணி. இன்று தெலுங்கு மண்ணில் வாழும் தமிழராகிய நம் பெண்கள் அவ்வழியே செல்கின்றனர். நம் சங்கத்துக் குடும்பங்களில் எந்தப் பெண்ணேனும் மேலே படிக்க விரும்பி நிற்பாளாயின், அவள் வீட்டுக் கூடத்தில் ஒருவரேனும் அவளுக்காக வாய் திறக்க வேண்டும். அதுவே எம் வேண்டுகோள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!