மக்காச்சோள நாட்டில் கூடைப்பந்து



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பறையில் வரலாறு நடத்தியவனே யன்றி ஆடுகளத்தில் பெயர் எடுத்தவன் அல்லன். அப்படியிருக்கக் கூடைப்பந்தைப் பற்றிப் பேச இவன் யார் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மாணவன் கேட்ட கேள்விதான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது. சுவரில் தொங்கிய அமெரிக்க நாட்டுப் படத்தில் இந்தியானா மாநிலத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். "ஐயா, அங்கிருந்துதான் பெரிய பெரிய கூடைப்பந்து வீரர்கள் வருகிறார்களாமே, அந்த ஊரில் எல்லாரும் நெட்டையர்களா?" என்றான் பின் வரிசைப் பையன் ஒருவன். வகுப்பு சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். அந்த 'நாளை' வருவதற்குப் பல மாதங்கள் ஆயின.

இந்தியானா பெரிய மாநிலமன்று. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 68 லட்சம். கடலும் இல்லை, மலையும் இல்லை. மக்காச்சோளமும் சோயா மொச்சையும் விளையும் சமவெளி. ஆயினும் மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்துக்கு மிகுதியான வீரர்களை அளித்த மாநிலங்களுள் அது ஒன்று. ஆஸ்கார் ராபர்ட்சன் அங்கே வளர்ந்தவர். லாரி பேர்ட் அங்கே ஃபிரெஞ்சு லிக் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர்.

உயரந்தான் காரணம் என்பது எளிதில் தோன்றும் விடை. ஆனால் உலகத்திலேயே உயரமான மக்கள் என்று பெயர் பெற்றவர்கள் ஹாலந்து நாட்டினர். அந்த உயரத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் அவர்களிடமிருந்து கூடைப்பந்து வீரர்கள் தோன்றவில்லை. இந்தியானாவில் குடியேறியவர்களின் உறவினர்களே அண்டை மாநிலங்களிலும் குடியேறினார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஒருவன் நான்கு அங்குலம் வளர்ந்துவிடுவதில்லை. ஆகவே எலும்பை விட்டுவிட்டு வரலாற்றைப் பார்ப்போம்.

கூடைப்பந்து பிறந்தது இந்தியானாவில் அன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளியில், 1891 டிசம்பரில் பிறந்தது. பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாமல் முரண்டு பிடித்த 18 மாணவர்களைக் கட்டி மேய்க்க வேண்டிய பொறுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியருக்கு வந்தது. அடங்காத வகுப்பு ஒன்று அகப்பட்டால் ஆசிரியன் படும் பாட்டை நான் அறிவேன். அவர் 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தின் விளிம்பில் அடித்தார். மாடத்தின் உயரம் 10 அடி. இன்றும் வளையத்தின் உயரம் அதுவே.

அந்தச் சங்கத்தின் ஊழியர்கள் போன இடமெல்லாம் ஆட்டமும் போயிற்று. நம் சென்னைக்கும் வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியானாவுக்கு அதே விதை 1890-களிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஒரே கையால் தூவிய விதை எத்தனையோ நாடுகளில் விழ, ஓர் இடத்தில் மட்டும் அது அப்படி அடர்ந்து வளர்வானேன்? என் மாணவனின் கேள்வியை நான் இப்படித்தான் மாற்றிக் கேட்டுக்கொண்டேன்.

முதலில் உழவர் வாழ்க்கையைப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்துவிடும். அடுத்த விதைப்பு வசந்தத்தில். இடைப்பட்ட நீண்ட பனிக்காலத்தில் சிறுவர்களுக்கு வயலில் வேலை இல்லை. அதுவே கூடைப்பந்துக் காலம். களஞ்சியத்தின் சுவரில் ஓர் இரும்பு வளையத்தை அடித்துவிட்டால் போதும். தனியாக ஒரு பையன் மணிக்கணக்கில் பந்து எறிந்து பழகலாம். அடுத்தது எண்ணிக்கை. அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினொருவர் வேண்டும். உடுப்பும் கவசமும் வேண்டும். ஊருக்கொரு சிறு உயர்நிலைப் பள்ளி இருந்த அந்நாளில், சில பள்ளிகளில் ஆண் பிள்ளைகள் மொத்தமே சில பத்துப்பேர்தாம். அவர்களுள் ஐவரைத் திரட்டலாம். பதினொருவரைத் திரட்டுவது கடினம். ஐந்து என்ற எண்ணே சிற்றூர்களுக்கு வாய்த்த பேறு.

ஐவர் ஆட, ஊரே பார்க்க வந்தது. பனிக்காலத்து வெள்ளிக்கிழமை இரவில் போவதற்கு வேறு இடம் ஏது? பள்ளியின் உடற்பயிற்சிக் கூடமே ஊர் மன்றமாயிற்று. எங்கள் ஊருக்குப் பெரிய கூடம் வேண்டும் என்று ஊருக்கு ஊர் போட்டியிட்டுக் கட்டினார்கள். மார்ட்டின்ஸ்வில் என்ற ஊரில் 1924-இல் கட்டிய கூடத்தின் இருக்கைகள் ஊர் மக்கள்தொகையைவிட அதிகம். பின்னாளில் புகழ் பெற்ற பயிற்சியாளராகிய ஜான் உடன் அங்கே ஆடித்தான், 1927-இல் மாநிலப் பட்டம் வென்ற அணியில் இடம் பெற்றார். நியூகாசில் ஊரில் 1959-இல் திறந்த கூடத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்காரலாம். நினைவிருக்கட்டும், இவை பல்கலைக்கழகங்கள் அல்ல, உயர்நிலைப் பள்ளிகள்! அமெரிக்காவின் மிகப் பெரிய பள்ளிக் கூடைப்பந்து அரங்குகளுள் பெரும்பாலானவை இந்த ஒரே மாநிலத்தில் இருக்கின்றன.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் கூடைப்பந்துக் கம்பம் இரண்டு இருந்தன. வளையம் ஒன்றில்தான் இருந்தது. தேர்வு நெருங்கினால் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்திட்டவன் நானே. போகட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் மாநிலப் போட்டிதான் என்பது என் கருத்து. 1911-இல் தொடங்கிய அப்போட்டியில் 1997 வரை பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பிரிவு கிடையாது. இரண்டாயிரம் பேர் படிக்கும் நகரப் பள்ளியும் நூறு பேர் படிக்கும் கிராமப் பள்ளியும் ஒரே பட்டத்துக்கு ஆடின. 1925-இல் நெய்ஸ்மித்தே நேரில் வந்து இறுதிக் கட்டத்தைப் பார்த்தார். பழக்கூடையில் தாம் தொடங்கியது ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரிக்கும் திருவிழாவாகியிருந்ததைக் கண்டு அவர் வியந்ததில் வியப்பில்லை.

1954-ஆம் ஆண்டுப் போட்டியில் 751 பள்ளிகள் கலந்துகொண்டன. அவற்றுள் ஒன்று மைலன். இத்தாலி நாட்டு மிலானுக்கு உள்ள எழுத்துக்களேதான். அந்த ஊரார் மட்டும் மைலன் என்பார்கள். பள்ளியில் மாணவர் 161 பேர். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது, அதைப்போலப் பல மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளி. பந்தை இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. கடைசிக் காற்பகுதியில் மைலனின் பாபி பிளம்ப், பயிற்சியாளர் சொற்படி, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடங்களுக்கு மேல் நின்ற இடத்திலேயே நின்றான்! முடிவில் 30-க்கு 30 என்று சமநிலை. சில நொடிகளே எஞ்சியிருக்கையில் பிளம்ப் எறிந்த பந்து கூடையில் விழுந்தது. மைலன் 32, மன்சி 30. மறுநாள் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் அந்த ஊருக்கு, வீரர்களை வரவேற்க நாற்பதாயிரம் பேர் வரை திரண்டதாகச் சொல்வார்கள். இதனை அடியொற்றி 1986-இல் ஒரு திரைப்படமும் வந்தது.

அத்துடன் நிறுத்தினால் கதை இனிமையாக இருக்கும். ஆனால் வரலாறாக இராது. இறுதிக்குச் செல்லும் வழியில் மைலன் வென்ற அணிகளுள் ஒன்று, தலைநகராகிய இந்தியானாபொலிசின் கிரிஸ்பஸ் ஆட்டக்ஸ் பள்ளி. அதில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் ஆடினான். அவன்தான் ஆஸ்கார் ராபர்ட்சன்.

1920-களில் இந்தியானாவின் அரசியலில் கு கிளக்ஸ் கிளான் என்னும் நிறவெறிக் கூட்டம் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தது. அதுவரை நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் கறுப்பின மாணவரும் சேர்ந்தே படித்தனர். 1927-இல் அவர்களுக்கெனத் தனிப் பள்ளி திறந்து அனைவரையும் அங்கே அனுப்பினர். 1770-இல் பாஸ்டன் நகரில் ஆங்கிலப் படையினரின் குண்டுக்கு இரையான கிரிஸ்பஸ் ஆட்டக்சின் பெயரை அதற்குச் சூட்டினர். ஒதுக்குவதற்கென்றே கட்டிய பள்ளியில் விந்தை ஒன்று நிகழ்ந்தது. பல்கலைக்கழகங்கள் கறுப்பின அறிஞர்களுக்கு வேலை தர மறுத்தமையால், முதுகலைப் பட்டமும் டாக்டர் பட்டமும் பெற்றவர்கள் அங்கே உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களாக வந்து சேர்ந்தார்கள்.

ஆயினும் மாநிலப் போட்டியின் கதவு அப்பள்ளிக்கு 1942 வரை திறக்கவில்லை. அதுவரை எதிராட அணி தேடி வெளி மாநிலங்களுக்கெல்லாம் பயணம் செய்தனர். சொந்தக் கூடமோ மிகச் சிறியது. ஊருக்கு ஊர் அரண்மனை போல் கூடம் எழுப்பிய மாநிலத்தில், இந்தப் பிள்ளைகள் பிறர் கூடத்தில்தான் ஆடினார்கள். ராபர்ட்சன் பழகிய கதையும் அத்தகையதே. பந்து வாங்க வசதியில்லாத வீட்டில், கந்தைத் துணியை ரப்பர் வளையத்தால் சுற்றிப் பந்தாக்கி, வீட்டின் பின்புறம் கட்டிய பழக்கூடையில் எறிந்து பழகியவர் அவர். பிறகு குடியிருப்பின் அருகே புழுதிக் கிண்ணம் என்று பெயர் பெற்ற வெளிக்களத்தில் பெரியவர்களோடு மோதி வளர்ந்தார்.

1955-இல் ரே குரோ என்ற பயிற்சியாளரின் கீழ் ஆட்டக்ஸ் மாநிலப் பட்டம் வென்றது. இந்தியானாபொலிஸ் நகரத்துப் பள்ளி ஒன்று அப்பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. இறுதியில் எதிர்த்து நின்ற கேரி ரூஸ்வெல்ட் பள்ளியும் கறுப்பின மாணவர் பள்ளியே. அதில் ஆடிய டிக் பார்னெட்டும் பிற்காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரராகப் புகழ் பெற்றார். வென்ற அணி தீயணைப்பு வண்டியில் ஏறி, நகர நடுவிலுள்ள நினைவுத் தூணைச் சுற்றி வந்து, அங்கே மக்களோடு கொண்டாடுவது மரபு. ஆட்டக்ஸ் பிள்ளைகளின் வண்டியோ தூணைச் சுற்றியதும் நில்லாமல், கறுப்பினத்தார் வாழும் பகுதியிலிருந்த பூங்காவுக்குச் சென்றது. நகரத்துக்கு முதல் பட்டம் வாங்கித் தந்தவர்களை நகர நடுவில் நிற்க விடவில்லை! அந்த வேதனையை ராபர்ட்சன் முதிய வயதிலும் மறக்கவில்லை. மறு ஆண்டு அதே அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் மீண்டும் பட்டம் வென்றது; அம்மாநிலத்தில் அப்படி வென்ற முதல் அணியும் அதுவே.

ராபர்ட்சன் 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்று, தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றார். அக்காலத்தில் ஒரு குழுவில் சேர்ந்தவன், முதலாளி விட்டாலன்றி வேறு குழுவுக்குப் போக இயலாது. வீரர் சங்கத்தின் தலைவராக இருந்த அவர், 1970-இல் அந்த ஏற்பாட்டை எதிர்த்து என்.பி.ஏ.மீது வழக்குத் தொடுத்தார். 1976-இல் வழக்குச் சமரசமாக முடிந்தது. விரும்பிய குழுவில் சேரும் உரிமைக்கு அதன் வழியே பாதை திறந்தது. இன்று எந்த நாட்டிலிருந்து போய் அங்கே ஆடும் வீரனும் அந்தப் பயனைத் துய்க்கிறான்.

1959-இல் வந்த ஒரு சட்டத்தின்பின் இந்தியானாவின் சிறு பள்ளிகள் வேகமாக ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 1997-இல் கடைசி ஒற்றைப் போட்டி நடந்தபோது, கலந்துகொண்ட பள்ளிகள் 1954-இல் இருந்தவற்றுள் ஏறக்குறையப் பாதியே. பல ஊர்களில் பள்ளி போய்க் கூடம் மட்டும் நிற்கிறது. ஆட்டக்சும் 1986-இல் உயர்நிலைப் பள்ளி என்ற தகுதியை இழந்து, 2006-இல் அதை மீண்டும் பெற்றது. 2017-இல் தன் பிரிவில் மாநிலப் பட்டமும் வென்றது.

நான் விடையோடு வகுப்புக்குப் போனபோது, கேள்வி கேட்ட பையன் பள்ளியிறுதி முடித்துச் சென்றுவிட்டான்.