சேணமில்லாக் குதிரை

களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து செல்லும் பெருஞ்சாலை, பாறசாலை, நெய்யாற்றங்கரை வழியாகத் திருவனந்தபுரம் சேருகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபொழுது, விளவங்கோடு, கல்குளம் முதலிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அவ்வெல்லைச் சிற்றூர்களில் இல்லத்தில் தமிழும் வெளியே மலையாளமும் பேசி வாழும் அன்பர்களுள், திருவனந்தபுரம் புத்தரிக்கண்டம் மைதானத்திலே சர்க்கஸ் கண்டு வந்தவர்கள் இருப்பீர்கள். சேணமின்றி ஓடும் குதிரையின் முதுகிலே ஒருவன் நிமிர்ந்து நிற்கும் அக்காட்சிக்கு ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்க நாட்டிலே ரோடியோ என்னும் போட்டியில், துள்ளித் திமிறும் குதிரையின் வெறும் முதுகில் ஒற்றைக் கையால் தோற்பிடியைப் பற்றி எட்டு விநாடி அமர்ந்திருத்தல் வேண்டும். மறு கை குதிரைமேற் பட்டால் அம்முயற்சி வீண். 1951ஆம் ஆண்டு இதில் உலக வீரராக விளங்கிய கேசி டிப்ஸ் என்பாரின் பெயர் அந்நாட்டில் இன்றும் பேசப்படுகிறது. நம் நாட்டில் இத்தகைய தொழில் தோன்றவில்லை; இதற்கு நெருங்கிய உறவினன் சர்க்கஸ் குதிரை வீரனே. முன்னவனுக்குக் குதிரையின் திமிரே வாழ்வு. பின்னவனுக்கோ அதன் சீரான நடையே உயிர்.

1768ஆம் ஆண்டளவில் இலண்டன் மாநகரில் பிலிப் ஆஸ்ட்லி என்னும் முன்னாள் குதிரைப்படை வீரர், குதிரையை நேராக ஓட்டாமல் வட்டமாக ஓட்டினால் நிற்பது எளிது என்பதைப் பயன்படுத்தினார். வட்டத்தில் ஓடும் குதிரை உட்புறம் சாய்கிறது. வீரனும் அவ்வாறே சாய, வெளியே தள்ளும் விசையும் உடலின் எடையும் ஒன்றையொன்று ஈடு செய்கின்றன. வட்டத்தின் குறுக்களவு 42 அடி என்பது பின்னர் உலகெங்கும் வழக்காயிற்று. பாதம் வழுக்காதிருக்கக் குதிரையின் முதுகிலே குங்கிலியப் பொடி தூவுவதுண்டு. வேகம் சிறிது மாறினாலும் வீரன் தரையிலே கிடப்பான்.

இவ்வித்தையை இந்தியரால் செய்ய இயலாது என்று 1879ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்த இத்தாலியர் சியாரினி இகழ்ந்ததாகக் கூறுவர். குருந்துவாடு அரசரின் இலாயத்தை மேற்பார்த்து வந்த விஷ்ணுபந்த் சத்ரே அச்சொல்லைப் பொறாமல், 1880ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் பம்பாயிலேயே தமது முதற் காட்சியை நடத்தினார். கிரேட் இந்தியன் சர்க்கஸ் என்பது அதன் பெயர். சத்ரே இசைப் பித்தரும் ஆவார். குவாலியர் மரபின் பெரும் பாடகர் ரஹிமத் கானைத் தம்மோடு வைத்துப் போற்றினார். குதிரைக் கனைப்பும் கயால் இசையும் ஒரே கூடாரத்தில் குடியிருந்தன என்றால் வியப்பன்றோ!

அக்குழு 1880களின் பிற்பகுதியில் வடமலபாரின் தலச்சேரிக்கு வந்தது. அங்கே உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சத்ரேயைச் சந்தித்தார். அதன் பயனாக 1901ஆம் ஆண்டு சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் தோன்றியது. களரியில் வளைந்து பழகிய உடல்கள் அங்கே புதுத்தொழில் கண்டன. 1904ஆம் ஆண்டு அவருடைய மாணவர் பரியாலி கண்ணன் மலபார் கிராண்ட் சர்க்கஸ் தொடங்கினார். பின்னர்த் தலச்சேரி இளைஞர்கள் நாடெங்கும் கூடாரங்களில் பிழைத்தனர். வீட்டை விட்டு வேற்று மொழி பேசும் ஊர்களில் உழைப்பது இன்னதென்று நேயர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் இத்தொழிலின் இளமை மிகக் குறுகியது. ஒரு முறை விழுந்து முழங்கால் முறிந்தால், அடுத்த காட்சியில் அவ்விடத்தில் வேறொருவர் நிற்பார். பயிற்சி சிறு வயதிலேயே தொடங்குவது பழைய வழக்கம். 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் குழந்தைகளைச் சர்க்கஸில் சேர்ப்பதைத் தடுத்தது. அது நியாயமே என்பது எம் கருத்து. புலி, சிங்கம், கரடி, குரங்கு ஆகியவற்றுக்கான தடையை அதே நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது. குதிரை அப்பட்டியலில் இல்லை. எனினும் கூடாரங்கள் குறைந்தன. 2010ஆம் ஆண்டு தலச்சேரியில் கேரள அரசு தொடங்கிய சர்க்கஸ் பயிற்சிக் கழகமும் சில ஆண்டுகளில் நின்றுவிட்டது. மூப்புற்ற கலைஞர்க்கு ஓய்வூதியம் அளிக்கும் திட்டம் மட்டும் அம்மாநிலத்தில் உண்டு. ஒரு காலத்தில் ஓடும் குதிரைமேல் நின்ற கால்கள் அதற்காக இன்று அலுவலகப் படிகளில் ஏறுகின்றன.