இதயத்தின் மின்னோட்டமும் மரணத்தின் எல்லையும்

அம்பத்தூரை அடுத்துள்ள முகப்பேருக்கு 2008 செப்டம்பரில் ஓர் இதயம் வந்து சேர்ந்தது. சாலை விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்த 15 வயதுச் சிறுவர் ஹிதேந்திரனின் இதயம் அது. திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த அவருடைய பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மகனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவர்களே முன்வந்தனர். காவல்துறையினர் வழியெங்கும் போக்குவரத்தை ஒழுங்குசெய்து தர, தேனாம்பேட்டையிலிருந்து கால் மணி நேரத்திற்குள் முகப்பேரை அடைந்த அவ்விதயம், 9 வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. மருத்துவர் கே. எம். செரியன் நிறுவிய மருத்துவமனையில் அது நடந்தது. 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்தவரும் அவரே.

இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டவரின் இதயம் எவ்வாறு துடித்துக்கொண்டிருந்தது என்ற ஐயம் நம்மில் பலருக்கு எழும். மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் தானே மின்துடிப்பை உண்டாக்கும் ஒரு சிறு முடிச்சை அல்லாஹ் இதயத்திலேயே அமைத்திருக்கிறான். 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இருவர் அதனைக் கண்டறிந்தனர். இதயத்தின் மின்னோட்டம் தடைப்படுவோருக்குத் துணைசெய்யும் பேஸ்மேக்கர் கருவி, முதன்முதலாக 1958-இல் ஸ்வீடன் நாட்டில் ஒரு மனிதரின் உடலுக்குள் பொருத்தப்பட்டது. ஆர்னே லார்சன் என்ற அந்நோயாளி அதன்பின் 43 ஆண்டுகள் வாழ்ந்தார்.

சுவாசமோ அவ்வாறன்று, அது மூளைத்தண்டின் ஆணைக்குக் கட்டுப்பட்டது. மூளைத்தண்டு செயலிழந்தால் மூச்சு நிற்கும். சற்று நேரத்தில் இதயமும் நிற்கும். ஆனால் வென்டிலேட்டர் காற்றைச் செலுத்தினால் இதயம் தன் மின்துடிப்பால் சிறிது காலம் இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். முன்னோர் காணாத இந்நிலை, ரூஹ் பிரிந்துவிட்டதா என்ற கேள்வியை நம் காலத்து ஃபுகஹாக்களின் முன் வைத்தது.

இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1986-இல் அம்மான் நகரில் கூடியபோது, மூளையின் இயக்கம் மீளவியலாதவாறு முழுமையாக நின்றுவிட்டதை நிபுணர்கள் உறுதிசெய்தால் அதனை மரணமாகக் கொள்ளலாம் என முடிவுசெய்தது. 1988-இல் ஜித்தாவில், இறந்தவர் முன்பே இசைந்திருந்தாலோ வாரிசுகள் இசைந்தாலோ, உயிர்காக்க அவருடைய உறுப்பை எடுக்கலாம் என்றும், உறுப்பை விற்பது கூடாது என்றும் தீர்மானித்தது. மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் மன்றமோ 1987-இல், கருவியை நீக்கலாம், ஆயினும் இதயமும் மூச்சும் நின்ற பின்னரே மரணத் தீர்ப்பு வழங்க வேண்டும் என்றது. நம் நாட்டு உலமாக்களிடையேயும் இக்கருத்து வேறுபாடு உண்டு. இரு தரப்பாரும் உயிரின் கண்ணியத்தைப் பேணவே முயன்றார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்தியச் சட்டம் 1994-இல் மூளைத்தண்டு மரணத்தை ஏற்றது. மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே அதனை அறிவிக்க இயலும். அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் வேணுகோபால் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்தார்.

இவ்வரலாற்றை நாம் இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வேலைக்கும் கல்லூரிக்கும் இரு சக்கர வாகனத்தில் செல்லும் பிள்ளைகள் இல்லாத வீடு அரிது. அல்லாஹ் காப்பானாக! ஒருநாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மருத்துவர் வந்து கேட்பாராயின், அழுதுகொண்டிருக்கும் தாய் தந்தையர் அப்பொழுதுதான் மஸ்அலாவைத் தேடத் தொடங்க இயலுமா? சில மணி நேரத்திற்குள் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி அது.

எனவே, உடல்நலத்தோடு இருக்கும்போதே, தாம் நம்பும் ஆலிமிடம் இரு தரப்பு ஆதாரங்களையும் கேட்டறிந்து, குடும்பத்தோடு கலந்து பேசி, ஆம் என்றாலும் இல்லை என்றாலும் தம் முடிவை எழுதிவைப்பது நலம். சொத்துக்கு வஸிய்யத் எழுதும் நாம், அல்லாஹ் அமானத்தாகத் தந்த இவ்வுடலைக் குறித்தும் ஒரு சொல் எழுதிவைத்தால், பின்னால் வருவோர் குழப்பமின்றி நமக்காக துஆச் செய்வார்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாத்து, நமக்குத் தெளிவான இல்மைத் தருவானாக! ஆமீன்.