முதல் மூச்சும் முடிவில்லாக் கல்வியும்

பிறந்த குழந்தை இவ்வுலகில் ஆற்றும் முதற்பணி மூச்சிழுத்தல். தாயின் வயிற்றில் உள்ளவரை அதன் நுரையீரலில் காற்று இல்லை, நீர்மமே நிறைந்திருக்கும். பிறந்தவுடன் அந்நீர்மம் விலகி, நுண்ணிய காற்றறைகள் விரிதல் வேண்டும். நிறைமாதக் குழந்தைக்கு இஃது இயல்பாக நிகழ்கிறது. குறைமாதக் குழந்தைக்கோ ஒவ்வொரு மூச்சும் போராட்டமாகி விடுகிறது. இக்குழந்தைகள் மாண்டதன் காரணத்தைக் கண்டறிய மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது. கண்டறிந்த மருந்தைத் தாய்மார்களிடம் கொண்டு சேர்க்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முன்னது ஆராய்ச்சியின் வரலாறு. பின்னது கல்வியின் வரலாறு.

காரணம் கண்ட கதை

காற்றறைகளின் உட்பரப்பு ஈரமானது. நீர்த்துளியை உருண்டையாகத் திரட்டும் பரப்பிழுவிசை அங்கும் செயற்பட்டுக் காற்றறையைச் சுருக்க முயல்கிறது. 1929ஆம் ஆண்டில் கர்ட் வான் நீர்கார்ட் என்னும் அறிஞர், நுரையீரலைக் காற்றால் விரிப்பதைவிட நீர்மத்தால் விரிப்பதற்குக் குறைந்த அழுத்தமே போதும் என்று காட்டினார். பரப்பிழுவிசையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்பது அவர் முடிவு. அவ்வுண்மையை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் எவரும் பொருட்படுத்தவில்லை.

பின்னர் அது வெளிப்பட்ட இடம் வியப்பளிப்பது. நச்சு வாயுக்களைப் பற்றி ஆராய்ந்த இராணுவ ஆய்வுக்கூடங்களில், 1955இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பேட்டிலும் 1957இல் அமெரிக்காவின் ஜான் கிளெமென்ட்சும், நுரையீரலில் பரப்பிழுவிசையைத் தணிக்கும் ஒரு பொருள் உண்டு என்பதற்குச் சான்று கண்டனர். அப்பொருளே சர்பாக்டண்ட் எனப் பெயர் பெற்றது.

மேரி எல்லன் ஏவரி என்னும் பெண் மருத்துவர் 1952இல் பட்டம் பெற்ற பின் காசநோய்க்கு ஆளானவர். அதனாலேயே நுரையீரலின்பால் அவர் கருத்து ஈர்க்கப்பட்டது. கிளெமென்ட்சின் ஆய்வுக்கூடத்துக்கு நேரில் சென்று, அளக்கும் முறையை அவர் கற்று வந்தார். இறந்த குழந்தைகளின் நுரையீரலில் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் காணப்படுவதுண்டு. அப்படலமே நோய்க்குக் காரணம் எனப் பலர் எண்ணியிருந்தனர். ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் வேறு விடை தந்தனர். அங்கே இருந்த படலத்தால் அன்று, அங்கே இல்லாமற்போன சர்பாக்டண்டின் குறையால் அக்குழந்தைகள் மாண்டன என்பதே அவ்விடை.

ஆயினும் காரணம் அறிந்தது உடனே உயிர்காக்கவில்லை. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகவே பேட்ரிக் என்னும் ஆண் மகவு பிறந்தது. நாட்டின் சிறந்த மருத்துவர்கள் சூழ்ந்திருந்தும் இரண்டு நாளுக்குள் அக்குழந்தை இறந்தது.

மருந்து கண்ட கதை

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரகாம் லிகின்ஸ் என்னும் மகப்பேற்று மருத்துவர், பேறுவலி எவ்வாறு தொடங்குகிறது என்பதைச் செம்மறியாடுகளில் ஆராய்ந்து வந்தார். கருவிலிருந்த குட்டிக்கு ஸ்டீராய்டு மருந்து செலுத்தியபோது அது மிக முன்னதாகவே பிறந்தது. பிழைக்கக் கூடாத பருவத்தில் பிறந்த குட்டி மூச்சுவிட்டது! மருந்து நுரையீரலை விரைவில் முதிரச் செய்திருந்தது. லிகின்சும் ராஸ் ஹோவியும் 282 தாய்மார்களிடம் இதனைச் சோதித்து, 1972இல் முடிவை வெளியிட்டனர். மருந்து பெற்றோரின் குழந்தைகளில் பிறந்த சில நாள்களில் இறந்தவை நூற்றுக்கு 3.2, பெறாதோரிடையே 15. பின்னர் 1980இல் ஜப்பானின் தெட்சுரோ புஜிவாரா, பத்துக் குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலுக்குள்ளேயே சர்பாக்டண்டைச் செலுத்தி நற்பயன் கண்டார்.

கற்கத் தவறிய காலம்

எளிய, விலை மலிந்த ஊசிமருந்து 1972இலேயே கிட்டியிருந்தது. எனினும் மகப்பேற்று மருத்துவர்கள் தயங்கினர். தாய்க்குத் தொற்று நேருமோ, குழந்தையின் வளர்ச்சி கெடுமோ என அஞ்சினர். அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் தனித்தனியே நோக்கப்பட்டன. ஒருசேரத் தொகுத்து நோக்கப்படவில்லை. 1994இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய அறிஞர் மாநாடு இம்மருந்தை வலியுறுத்தியபோது, அந்நாட்டில் அதற்குரிய தாய்மார்களுள் ஐந்தில் ஒரு பங்கினர்கூட அதனைப் பெறவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் காத்திருக்கக்கூடிய உயிர்கள் பல மடிந்தன. 1993இல் தோன்றிய காக்ரேன் அமைப்பு இந்த ஆய்வுகளின் தொகுப்புப் படத்தையே தன் சின்னமாகக் கொண்டது. அதில் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது.

அறிவைப் பரப்புவதற்கும் ஆராய்ச்சி தேவை என்பதை 1999இல் வெளியான ஓர் ஆய்வு உணர்த்தியது. அமெரிக்காவின் 27 மருத்துவமனைகள் இருவகையாகப் பிரிக்கப்பட்டன. ஒரு வகையினர் வழக்கம்போல் வெளியீடுகள் வாயிலாகவே செய்தி அறிந்தனர். மற்றவர்க்குச் சிறப்புரை, குழு உரையாடல், நோயாளர் ஏட்டில் நினைவூட்டுக் குறிப்பு, தம் செயலைத் தாமே அளந்து காணும் ஏற்பாடு ஆகியன அளிக்கப்பட்டன. இருசாராரிடமும் மருந்து பெற்றோர் முன்பு நூற்றுக்கு 33. பின்பு முதல் வகையில் 58. இரண்டாம் வகையில் 68. படித்தலினும் பயிற்சி ஒருபடி மேலான பயன் தந்தது.

கல்வி அத்தோடு முடியவில்லை. வசதி குறைந்த ஆறு நாடுகளில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், இம்மருந்தைப் பரவலாக வழங்கியும் எதிர்பார்த்த நன்மை கிட்டவில்லை. ஒட்டுமொத்தக் குழந்தை இறப்பு சற்றுக் கூடவும் செய்தது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், கருவின் வயதைச் செவ்வனே கணித்துத் தக்கவர்க்கு மட்டும் வழங்கி 2020இல் வெளியிட்ட ஆய்வோ இறப்பு குறைந்ததைக் காட்டியது. மருந்து ஒன்றே, அதனை வழங்கும் அறிவே வேறு.

கர்ட் வான் நீர்கார்டின் உண்மை கால் நூற்றாண்டு கிடப்பில் கிடந்தது. லிகின்சின் மருந்து இருபத்திரண்டு ஆண்டுகள் தயக்கத்தில் கிடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவரும் தாதியரும் பட்டம் பெற்ற பின்னும் ஆண்டுதோறும் கற்க வேண்டும் என்னும் விதி இத்தகைய இழப்புகளின் பின்னணியிலேயே பொருள் பெறுகிறது. கற்பிப்போர் கற்பதை நிறுத்தினால் மாணவர் அறிவு தேயும். மருத்துவர் நிறுத்தினாலோ ஒரு குழந்தையின் மூச்சே நின்றுவிடும்.