நடுகல் முதல் சர்வர் லாக் வரை

பி.காம். படிக்கிறவனுக்கு டேட்டாபேஸ் சர்வரில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சர்வர் லாக் என்பதும் ஒரு பதிவேடுதானே? யார், எப்போது, என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என்று எழுதி வைப்பது. இந்த வேலை கம்ப்யூட்டரோடு பிறந்தது அல்ல. நம் ஊர்ப்பக்கம் அதற்கு ஆயிரத்து நானூறு வருட வரலாறு இருக்கிறது.

'லாக்' என்ற சொல்லே கப்பலில் இருந்து வந்ததுதான். முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் போடுவார்கள். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணினால் கப்பலின் வேகம் தெரியும். அந்தக் கணக்கை எழுதிய புத்தகம் 'லாக் புக்'. மரக்கட்டை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

அடி அண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைய உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் இவற்றைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டது. அவற்றில் எடுத்தனூர் கல் பிரபலமானது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. பொற்றொக்கையார் என்பவரின் ஆளான கருந்தேவக்கத்தி, எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தான் என்கிறது கல். கூடவே அவனுடைய நாய் கோவிவன் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதையும் சொல்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் அந்த நாயின் உருவமும் உண்டு.

இதை வரிசையாகப் பிரித்துப் பாருங்கள். முதலில் காலம் (அரசன் பெயர், ஆண்டு). அடுத்து யாருக்குக் கீழே. அடுத்து ஆள் பெயர். கடைசியில் சம்பவம். இன்றைக்கு போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் எழுதும் லாக் வரியும் ஏறக்குறைய இதே அமைப்பில்தான் இருக்கும். வரியின் முன்னால் என்னென்ன வரவேண்டும் என்பதற்கு 'லாக் லைன் பிரிஃபிக்ஸ்' என்று ஒரு அமைப்பு உண்டு. நாம் எதையும் மாற்றாவிட்டால் நேரமும், வேலையைச் செய்த பிராசஸின் எண்ணும் மட்டும் வரும். யூசர் பெயர், எந்த டேட்டாபேஸ், எந்தக் கம்ப்யூட்டரில் இருந்து என்பதெல்லாம் நாம் கேட்டால்தான் சேரும். கேட்காமல் விட்டால், தவறு நடந்தது தெரியும். செய்தது யார் என்பது அந்த வரியில் இருக்காது.

காலம் சரியில்லை என்றால்...

சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். அரசனின் சொந்தப் பெயர் இல்லாமல் 'கோப்பரகேசரிக்கு யாண்டு 12' என்று மட்டும் ஒரு கல்வெட்டு இருந்தால் அது எந்த மன்னன்? எழுத்தின் வடிவத்தையும் மற்ற குறிப்புகளையும் வைத்துத்தான் அறிஞர்கள் முடிவுக்கு வரவேண்டும். வெட்டியவருக்கு அது குழப்பமே இல்லை. அன்றைக்கு இருந்தது ஒரே அரசன்தானே!

சர்வரிலும் இதே சிக்கல்தான். ஒரு சர்வர் இந்திய நேரத்திலும் இன்னொன்று யு.டி.சி. நேரத்திலும் எழுதினால் ஐந்தரை மணி நேர வித்தியாசம் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் விளைவு முன்னாலும் காரணம் பின்னாலும் நிற்கும். 'லாக் டைம்ஜோன்' என்ற அமைப்பு இருப்பது இதற்காகத்தான்.

எதை எழுதுவது, எதை விடுவது?

எல்லாவற்றையும் கல்லில் வெட்ட முடியாது. கோயில் சுவர்களில் நிலதானம், விளக்குக்குக் கொடுத்த ஆடு, வரி விலக்கு இதெல்லாம் இருக்கிறது. அந்த விளக்கைத் தினமும் ஏற்றியவர் பெயர் அநேகமாக இருக்காது. அன்றைய 'லெவல்' அப்படி. எது முக்கியம் என்று முடிவு செய்தவர்கள் விட்டுப்போனது நமக்கு இன்றைக்கும் தெரியாது.

போஸ்ட்கிரஸில் இந்த முடிவை எடுப்பது 'லாக் மின் மெசேஜஸ்' என்ற அமைப்பு. டீபக், இன்ஃபோ, நோட்டீஸ், வார்னிங், எரர், லாக், ஃபேட்டல், பேனிக் என்று படிகள் உண்டு. வழக்கமாக 'வார்னிங்' என்ற படியில் இருக்கும். அதற்குக் கீழே உள்ளவை கோப்பில் ஏறாது. பெயரைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 'ஃபேட்டல்' என்றால் அந்த ஒரு இணைப்பு மட்டும் துண்டிக்கப்பட்டது என்று அர்த்தம். பாஸ்வேர்டு தவறாகப் போட்டாலே வரும். 'பேனிக்' வந்தால்தான் எல்லா இணைப்புகளும் போகும்.

அப்படியானால் எல்லாவற்றையும் எழுதச் சொல்லிவிடலாமா? கூடாது. டிஸ்க் நிரம்பும், வேகம் குறையும். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டளையையும் பதியச் சொன்னால், ஒருவர் புது பாஸ்வேர்டு வைக்கும் கட்டளையும் அப்படியே லாகில் வந்து உட்காரும் வாய்ப்பு இருக்கிறது. காவலுக்கு வைத்த பதிவே திருடனுக்குச் சாவி கொடுத்த கதை ஆகிவிடும் :-)

பழைய லாகை என்ன செய்வது?

அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். சுவரைப் பிரித்தால் கல்வெட்டு என்ன ஆகும்? முதலில் எல்லாவற்றையும் புத்தகத்தில் படி எடுத்தார்கள். பிறகு இராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், கி.பி. 1026 வாக்கில், புதிய சுவரில் மறுபடி வெட்டினார்கள். இடையில் பத்து வருடத்துக்கு மேல். பேக்கப் என்ற சொல் வருவதற்கு ஆயிரம் வருடம் முன்னாலேயே!

போஸ்ட்கிரஸ் வழக்கமாக 24 மணி நேரம் ஆனாலோ, கோப்பு 10 எம்.பி.யைத் தொட்டாலோ புதிய கோப்புக்கு மாறும். கோப்புக்குக் கிழமையின் பெயரை மட்டும் வைத்து, பழையதை அழித்து எழுதும் வசதியையும் போட்டுவிட்டால், வரும் திங்கட்கிழமை போன திங்கட்கிழமையை அழித்துவிடும். ஏழு நாள் போதும் என்றால் சரி. பத்தாவது நாளில் ஆடிட்டர் வந்து கேட்டால்?

காமர்ஸ்காரர்களுக்கு இது

டேட்டாபேஸில் இன்னொரு வகை லாக் உண்டு, 'ரைட் அஹெட் லாக்'. ஒரு மாற்றத்தை முதலில் இதில் எழுதிவிட்டு, பிறகுதான் உண்மையான அட்டவணைக் கோப்பில் எழுதும். முதலில் ஜர்னல், பிறகு லெட்ஜர் போஸ்டிங் என்று நாம் முதல் வருடம் படித்தோமே, அதேதான். 1494-இல் லூக்கா பாச்சோலி அச்சில் விளக்கிய முறை, 2001-இல் போஸ்ட்கிரஸின் 7.1 பதிப்பில் வந்து சேர்ந்தது. நடுவில் கரண்ட் போனாலும் ஜர்னலைப் பார்த்து லெட்ஜரை எழுதிக்கொள்ளலாம்.

இதில் ஒரு கூத்து நடந்தது. இந்தக் கோப்புகள் இருந்த ஃபோல்டரின் பெயரில் 'லாக்' என்று இருந்ததால், இடம் போதவில்லை என்று அதை அழித்து டேட்டாபேஸையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 2017-இல் 10-ஆம் பதிப்பில் அந்தப் பெயரையே மாற்றினார்கள். 'வெறும் லாக்தானே' என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

2009 ஜனவரி 7-இல் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மோசடி வெளிவந்தது நினைவிருக்கும். அதில் 7,500-க்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் இருந்ததாக சி.பி.ஐ. கண்டறிந்தது. மற்றவர்கள் திரையில் தெரியாதபடி அவற்றை மறைத்து வைக்கும் வசதியும் அந்தக் கணினி அமைப்பிலேயே இருந்தது. கணக்கை எழுதுகிறவர் கையிலேயே மறைக்கும் பொத்தானும் இருந்தால் ஆடிட்டர் என்ன செய்வார்?

இன்றைய சட்டம் இந்தக் கேள்வியைத் தொடுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் கம்பெனிகள் பயன்படுத்தும் அக்கவுண்டிங் சாஃப்ட்வேரில் ஆடிட் டிரெயில் கட்டாயம். ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை அணைக்க வழி இருக்கக்கூடாது. வருடம் முழுக்க அது இயங்கியதா, யாராவது கை வைத்தார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். நாளைக்கு ஆடிட் ஆபீஸில் உட்காரப் போகும் நம்மில் பலருக்கு, லாக் படிக்கத் தெரிவது இனி கம்ப்யூட்டர்காரர் வேலை மட்டும் இல்லை.

அதனால் எந்த சர்வரைப் பார்த்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். நேரம் சரியா? யார் என்பது வரியில் இருக்கிறதா? எத்தனை நாள் நிற்கும்? அழிக்கும் உரிமை யாரிடம்? பதில் எழுதப்பட்டவரிடமே இருந்தால் அந்தப் பதிவை நம்ப வேண்டாம். கோவிவன் சாட்சி சொல்லவில்லை. யாரோ ஒருவர் எழுதி வைத்தார், அதனால்தான் ஒரு நாயின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது.