விசையின் கதை – 9: கல் அசைந்த புதன்கிழமை

9,63,537 ரோம ராத்தல் எடையுள்ள ஒற்றைக்கல் தூண். அதைத் தூக்க 40 காப்ஸ்டன்கள். ஒவ்வொன்றும் 20,000 ராத்தல் தூக்கும் என்றால் மொத்தம் 8,00,000. மிச்சம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறதே, அதை யார் தூக்குவது? இந்தக் கேள்வியோடு பொறியாளர் டொமெனிகோ ஃபோன்தானாவை வத்திக்கானில் நிறுத்திவிட்டுப் போன வாரம் விடைபெற்றோம்.

அவரிடம் பதில் தயாராக இருந்தது. கல்லின் அடியில் கொடுத்து உந்த ஐந்து பெரிய மரநெம்புகோல்கள். கயிறு மேலிருந்து இழுக்கும், நெம்புகோல் கீழிருந்து தள்ளும். கணக்கு நேராகிவிட்டது.

காகிதத்தில் நேராகிவிட்டது என்று சொல்ல வேண்டும். நாற்பது இருபதாயிரங்களைக் கூட்டினால் எட்டு லட்சம் வரும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். விசைகளைக் கூட்டுவது அப்படியல்ல. நூறு கிலோ இழுவையுள்ள இரண்டு கயிறுகளை ஒரே திசையில் இழுத்தால் இருநூறு. அதே இரண்டையும் 120 பாகை விரித்து இழுத்தால் வெறும் நூறுதான். எதிரெதிராக இழுத்தால் பூச்சியம். வியர்வை மூன்று முறையும் ஒன்றுதான். பலன் வேறு வேறு. எவ்வளவு என்பதோடு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தால்தான் ஒரு விசையைப் பற்றி முழுதாகச் சொன்னதாகும்.

ஃபோன்தானாவின் சிக்கலே அதுதான். காப்ஸ்டன் என்பது செங்குத்தாக நட்ட ஓர் உருளை. அதில் செருகிய நீண்ட கட்டைகளைக் குதிரைகளும் ஆட்களும் செக்குச் சுற்றுவதுபோல் சுற்ற, கயிறு உருளையில் சுருளும். ஆக இழுவை முழுக்கத் தரையோடு தரையாகப் படுக்கையில் வருகிறது. நாற்பது உருளைகளையும் ஒரே இடத்தில் நட முடியாது என்பதால் நாற்பது திசைகளிலிருந்து வருகிறது. கல்லோ நேர் மேலே போக வேண்டும்.

அதற்காக எழுப்பியதுதான் ‘கோட்டை’ என்று அவர் பெயரிட்ட மரச்சாரம். கல்லின் இரு பக்கமும் பக்கத்துக்கு நான்காக எட்டு பிரமாண்ட மரத்தூண்கள், உச்சியில் குறுக்கு உத்தரங்கள், அவற்றில் கப்பிகள். தரையில் வரும் கயிறு சாரத்தின் காலடியில் ஒரு கப்பியில் திரும்பி மேலே ஏறும். உச்சிக் கப்பிகளைச் சுற்றி இறங்கிக் கல்லைப் பிடிக்கும். எந்த மூலையிலிருந்து வந்தாலும் கல்லைத் தொடும்போது எல்லா இழுவையும் மேல்நோக்கியே இருக்கும். ஃபோன்தானாவின் பெருமையை ஆள் கணக்கிலும் குதிரைக் கணக்கிலும் சொல்வோர் அதிகம். எனக்கென்னவோ, காலடியில் கிடந்த அந்தச் சின்னக் கப்பிகள்தான் அவருடைய மூளை என்று தோன்றுகிறது.

திசை சரி. நேரம்? ஒரு காப்ஸ்டன் மற்றவற்றை முந்திக்கொண்டு சுற்றினால் அதன் கயிறு மட்டும் விறைத்து, பக்கத்துக் கயிறுகளின் சுமையையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அது அறுந்தால் அடுத்தது. பிறகு வரிசையாக எல்லாம். அதனால் காப்ஸ்டன்களுக்கு எண் கொடுத்தார். எந்தக் கயிறு தளர்ந்தது, எது இறுகியது என்று எண்ணைச் சொல்லியே உத்தரவிடலாம். எக்காளம் ஊதினால் சுற்று, மணி அடித்தால் நில். வேறு சத்தமே கூடாது. வேலியைத் தாண்டி உள்ளே வருபவனுக்கு மரண தண்டனை என்று போப்பின் ஆணை வேறு. (“கயிற்றுக்குத் தண்ணீர்!” என்று ஒரு மாலுமி கத்திய கதை தெரிந்த வாசகர்கள் பொறுத்தருள்க. அது கல்லை மறுபடி நிமிர்த்திய செப்டம்பர் மாதத்துக் கதை. ஃபோன்தானாவே எழுதிய புத்தகத்தில் அது இல்லை என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.)

1586 ஏப்ரல் 30, புதன்கிழமை. போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் பதவிக்குத் தேர்வானது ஒரு புதன்கிழமை, முடிசூடியதும் புதன்கிழமை. ஆகவே கல்லும் புதன்கிழமைதான் கிளம்ப வேண்டும். விடியுமுன் பூசை நடந்தது. 907 ஆட்கள், 75 குதிரைகள். சாரத்துக்கு அடியில் வேலை செய்த தச்சர்களுக்கு, மேலிருந்து ஏதாவது விழுந்தால் என்னாவது என்று, இரும்புத் தலைக்கவசம்.

எக்காளம் ஊதியது.

முதல் இழுப்பில் நிலநடுக்கம் வந்ததுபோல் இருந்ததாம். சாரத்தின் மரங்கள் அத்தனையும் சுமை ஏறி நெருங்கி இறுகிய சத்தம் அது. இத்தனை நூற்றாண்டுகளாகச் சற்றே சாய்ந்து நின்ற கல், யாரும் கேட்காமலே நிமிர்ந்தது. கயிறுகளின் இழுவையெல்லாம் சேர்ந்து ஒரே தொகுபயன் விசையாகிவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

உடனே மணி அடித்தது.

எல்லாம் நின்றது. கல்லைச் சுற்றிப் பூட்டியிருந்த இரும்புப் பட்டைகளில் உச்சியில் இருந்தது உடைந்திருந்தது. பார்க்கப்போனால் மற்ற பட்டைகளிலும் சில வளைந்தும் இடம் பெயர்ந்தும் போயிருந்தன. சணல் கயிறுகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை! காரணத்தை இப்போது ஊகிக்கலாம். இரும்பு அவ்வளவாக நீளாது. பத்துப் பட்டைகளில் ஒன்று மயிரிழை இறுக்கமாக இருந்தாலும் சுமை முழுக்க அதன் தலையில்தான் விழும். சணல் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், நீண்டு கொடுப்பதாலேயே சுமை பக்கத்துக் கயிற்றுக்குப் பகிரப்படும். உடைந்த பட்டையின் இடத்தில் கயிற்றையே இறுக்கிக் கட்டினார்கள். மாலைக்குள் பன்னிரண்டு இழுப்பு. கல் தன் பீடத்திலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் எழும்பி நின்றது. ரோம் முழுக்கக் கேட்க வெடி போட்டார்கள்.

அந்தக் கல் இன்று புனித பேதுரு சதுக்கத்தின் நடுவில் நிற்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் விழுந்ததா விழவில்லையா என்று நான் உங்களைப் பயமுறுத்த முடியாது. ஆனால் தூக்கியது பாதி வேலைதான். சுமார் 250 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டுமென்றால் முதலில் அதைப் படுக்க வைத்தாக வேண்டும். தூக்கும்போது எடை கீழே, இழுவை மேலே, இரண்டும் ஒரே கோட்டில். படுக்க வைக்கும்போது அந்தக் கோடு உடைகிறது.

மே 7. மறுபடியும் புதன். கல்லின் அடியில் உருளைகள்மேல் ஒரு சறுக்குச் சட்டம். அடிப்பாகத்தை ஒரு பக்கம் இழுக்க இழுக்க, சாரத்துக் கயிறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி உச்சியை மறுபக்கம் இறக்குவது திட்டம். கல் சாய, கயிறுகளும் சரிந்தன. சரிந்த கயிற்றின் இழுவை இரண்டாகப் பிரியும். ஒரு கூறு மேல்நோக்கித் தாங்கும். இன்னொரு கூறு பக்கவாட்டில் போகும். எந்தச் சரிவில் எந்தக் கூறு எவ்வளவு என்று சொல்லும் விதி அன்று ஃபோன்தானாவிடம் இல்லை. அதே 1586-இல் லெய்டனில் டச்சு மொழியில் ஒரு புத்தகம் வெளிவந்தது. சாய்வான இழுவைகளின் கணக்கு அதில் இருந்தது. எழுதியவர் சைமன் ஸ்டெவின், சங்கிலியில் கோத்த பதினான்கு உருண்டைகளை வைத்து அந்தக் கணக்கைப் பிடித்தவர். அவரிடம் பிறகு வருவோம்.

ரோமில் கல் பாதி சாய்ந்துவிட்டது. உச்சி இன்னும் அந்தரத்தில். அதுவரை ஆட்கள் இழுத்துத்தான் நகர்ந்த அடிப்பாகம், திடீரென்று யாரும் இழுக்காமலே நகர ஆரம்பித்தது. முன்னால் இழுத்த கயிறு தொய்ந்துபோயிருக்கும். 326 டன், கீழே உருளைகள், எதிர்த்துப் பிடிக்க எதுவுமில்லை.

ஃபோன்தானாவுக்கு அந்த நிமிடம் தேவைப்பட்டது, அதுவரை அவர் திரட்டியிருந்த விசைகளுக்கு நேர் எதிர்த் திசையில் ஒன்று.

(தொடரும்)